முக்கால் மதகில் ஒரு பாட்டு

கொட்டாஞ்சேனை, கொழும்பு
21.01.1976

கஸ்பர்,

'அன்புள்ள' என்று எழுதிவிட்டு வெட்டியிருக்கிறேன். வெட்டியது உனக்குத் தெரியட்டும் என்றுதான் வேறு தாள் எடுக்கவில்லை.

சனிக்கிழமை பேண்டில் சேருவதற்கான பரீட்சை நடந்தது. முடிந்த அன்றைக்கே எழுதுவதாக ஹட்டன் ஸ்டேசனில் உனக்கு வாக்குக் கொடுத்தேன். நாலு நாள் பேனாவைத் தொடவில்லை.

ஐந்து பேர் இருந்தார்கள். தலைவர் ஒரு பறங்கியர், ஹோட்டல்களில் வாசிக்கிறவர், நாற்பது வயது இருக்கும். "தேயிலைத் தோட்டத்தில் ப்ளூஸ் படித்தவனா? அதிசயம்தான். எதை வாசிக்கப் போகிறாய்?" என்று இங்கிலீஷில் கேட்டார். நம் ப்ளூஸ் கிழவருடைய இசைத்தட்டில் இரண்டாம் பக்கத்து முதல் பாட்டு என்றேன். எல்லோருக்கும் அது தெரிந்திருந்தது. எனக்கு வந்த சந்தோசம் கொஞ்சநஞ்சம் இல்லை. இந்த நாட்டில் அந்தப் பாட்டு தெரிந்தவர்கள் நீயும் நானும் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன்.

நம் வழக்கப்படி கம்பிகளை ஒரு கட்டை இறக்கிக்கொண்டேன். டிஸ்பென்சரியில் வாங்கிய வெற்று மருந்துக் குப்பியை விரலில் மாட்டிக்கொண்டு கம்பிமேல் சறுக்கினேன். இரண்டாவது வரிக்குள் டிரம்ஸ்காரன் தலைவரைப் பார்த்தான். மூன்றாவது வரியில் குச்சிகளை மடியில் வைத்துவிட்டான். தலைவர் கையைக் காட்டி நிறுத்தினார். "தம்பி, பேட்டரி இறங்கிவிட்டதா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை, அதுதான் இன்னும் கேவலமாக இருந்தது.

அப்புறம் அவர் தன்னிடம் இருந்த இசைத்தட்டைப் போட்டுக் காட்டினார். அதே உறை, அதே கிழவர். ஆனால் குரல் ஒரு கட்டை மேலே. சரிவில் இறங்கி ஓடுகிறவன் மாதிரி பாட்டு ஓடுகிறது. அந்த வேகத்துக்கு என் விரல் பாதி தூரம்கூடப் போகாது. இரண்டு வருசமாக ஒவ்வொரு சனிக்கிழமையும் எங்கள் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து நாம் படித்தது எந்தப் பாட்டை?

தட்டைச் சுற்றுகிற ரேடியோகிராமில் கோளாறு இல்லை. அப்பா அதை ஹட்டனில் காட்டி சரிபார்த்த பிறகுதான் வீட்டில் வைத்தார். மிச்சம் இருப்பது கரண்டு. தோட்டத்துக் கரண்டு டர்பைனிலிருந்து வருகிறது. டர்பைனைப் பார்க்கிறவன் நீ.

ஒரே கேள்விதான். உனக்கு இது தெரியுமா, தெரியாதா?

றோலண்ட்

*

ஆத்துமேட்டுத் தோட்டம், பொகவந்தலாவை
30.01.1976

அன்புள்ள றோலண்ட்,

நான் வெட்டவில்லை, பார்த்துக்கொள்.

உன் கடிதத்தை உன் அப்பாதான் ஆபீஸ் ஜன்னல் வழியாக நீட்டினார். "என்னாடா கஸ்பர், எங்களுக்கு ரெண்டு வரி, ஒனக்கு மட்டும் ரெண்டு பக்கமா?" என்றார். பெரிய கிளாக்கர் ஐயா கேட்டால் பல்லைக் காட்டுவதைத் தவிர வேறென்ன செய்ய முடியும்? சுகமாகத்தான் இருக்கிறார். அம்மாவுக்கு மட்டும் இந்த மழைக்கு முழங்கால் வலி.

கொழும்பில் எல்லாமே ஓட்டம் என்பார்கள். பஸ் ஓடுகிறது, ஆள் ஓடுகிறான், பாட்டும் ஓடுகிறதாக்கும். அதற்காக நீ மனதைப் போட்டு அலட்டிக்கொள்ளாதே. அந்தப் பறங்கியருக்கு நம் நடை பிடிபடவில்லை என்று விட்டுவிடு.

முதல் நாள் ஞாபகம் இருக்கிறதா? தோட்டங்களை அரசாங்கம் எடுக்கப் போகிறது என்ற பேச்சு வந்ததும் சின்னதொரை மூட்டை கட்டினார். ரேடியோகிராமையும் ஒரு பெட்டி இசைத்தட்டையும் உங்கள் வீட்டில் இறக்கிவிட்டுச் சீமைக்குப் போனார். மாவுக்கும் சீனிக்கும் நாம் வரிசையில் நின்ற காலம் அது. நீ ஒரு தட்டைப் போட்டாய். உன் அம்மா அடுப்படியிலிருந்து ஓடி வந்து, "என்னாடா இது, யாருக்கோ வயித்துவலி கண்ட மாதிரி கத்துறான்?" என்றார்கள்.

நீ உறையைப் படித்துச் சொன்னாய். அமெரிக்காவில் பருத்திக் காட்டில் கூலி வேலை செய்த கறுப்பு ஆட்களின் பாட்டு, ப்ளூஸ் என்று பெயர். ஒரு வரியைச் சொல்லுவான், அதையே திரும்பச் சொல்லுவான், மூன்றாவது வரியில் மனதில் கிடப்பதை இறக்கி வைப்பான். எனக்கு மயிர் சிலிர்த்துவிட்டது. கூலி வேலை செய்கிறவன் அழுகிறான், அதைத் தட்டில் பதிகிறார்கள், தொரை காசு கொடுத்து வாங்கிக் கேட்கிறார்! ஒட்டி ஒட்டிக் கட்டின எங்கள் கூலி லயத்தில் ஒருத்தன் அழுதால் அடுத்த காம்பராக்காரன் சுவரைத் தட்டி, "தூங்க விடுடா" என்பான்.

பிறகு சீமைப் பையன்கள் அதே பாட்டை மின்சார கிட்டாரில் போட்டு உடைத்த தட்டுகள். உனக்கு அவர்கள்மேல் பைத்தியம், எனக்குக் கிழவர். அந்தக் கம்பி இழுப்பைத் திவ்விய நற்கருணைப் பாட்டில் போட்டு நாம் பாதரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதை நினைத்தால் இன்னும் சிரிப்பு வருகிறது.

தேயிலை ஸ்டோர் சங்கு ஊதிவிட்டது. போக வேண்டும்.

உன் கஸ்பர்

*

கொட்டாஞ்சேனை
06.02.1976

கஸ்பர்,

உன் கடிதத்தில் மழை இருக்கிறது, முழங்கால் வலி இருக்கிறது, சின்னதொரை இருக்கிறார். பதில் இல்லை.

என் கப்பல் ஆபீசில் மின்சாரம் படித்த ஒருவர் இருக்கிறார், அவரை விசாரித்தேன். டர்பைனுக்கு விடுகிற தண்ணீர் குறைந்தால் சக்கரம் மெதுவாகச் சுற்றும், கரண்டு தளரும், அந்தக் கரண்டில் சுற்றுகிற இசைத்தட்டும் தளரும் என்றார். எல்லாம் தண்ணீர் விடுகிறவன் கையில்தான் இருக்கிறதாம்.

ஆமா என்று எழுது, இல்லை என்று எழுது. வேறொன்றும் எழுதாதே.

றோலண்ட்

*

ஆத்துமேட்டுத் தோட்டம்
17.02.1976

அன்புள்ள றோலண்ட்,

ஆமா.

வேறொன்றும் எழுதாதே என்றாய். எழுதாமல் இருக்க முடியவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் ஸ்டோரில் தேயிலை அரைக்கிற மிஷின்கள் நின்றுவிடும். அப்புறம் கரண்டு வேண்டியது பங்களாவுக்கும் உங்கள் குவார்ட்டர்சுக்கும் மட்டும்தான். வேகத்தைத் தானாகப் பிடித்து நிறுத்துகிற கருவி எங்கள் டர்பைனில் எப்போதோ பழுதாகிவிட்டது. மதகுச் சக்கரத்தைக் கையால் திருப்பித்தான் தண்ணீரைக் கூட்டுவதும் குறைப்பதும். சனிக்கிழமைக்கு என்று அதற்கு ஓர் அளவு உண்டு. அந்த அளவில் முக்காலுக்கு மட்டும் வைத்துவிட்டு நான் மேடேறி உங்கள் வீட்டுக்கு வருவேன். பகலில் விளக்கு எரியாததால் யாருக்கும் தெரியாது.

ஏன் என்று கேட்பாய். முதல் மாசம் அந்தத் தட்டுக்குப் பின்னால் ஓட முடியாமல் நீ கிட்டாரைக் கட்டிலில் எறிந்தாய். "என்னால முடியாதுடா, இத வித்துரப் போறேன்" என்றாய். அடுத்த சனிக்கிழமை மதகைக் குறைத்தேன். உன் விரல் பாட்டைப் பிடித்துக்கொண்டது. அன்றைக்கு உன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீ. நாலு வாரத்தில் பழையபடி கூட்டிவிடலாம் என்று நினைத்தேன், கூட்டவில்லை. எனக்கும் அது பிடித்துப் போய்விட்டது. என் குரலுக்கு அந்த இறங்கின கட்டைதான் தோதாக இருந்தது.

ஹட்டன் ஸ்டேசனில் நீ கொழும்புக்குக் கோச்சி ஏறின அன்றைக்காவது சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன், கோச்சி வந்துவிட்டது. இது சாக்குத்தான், எனக்கே தெரிகிறது.

உன்னை ஐந்து பேர் முன்னால் சிரிப்புக்கு ஆளாக்கிவிட்டேன். போன ஞாயிறு பூசை முடிந்து அந்தோனியார் சுரூபத்துக்கு முன்னால் முழங்காலில் நின்று நேர்ச்சை வைத்தேன். நீ மன்னித்து, 'பாடு' என்று உன் கையால் எழுதும்வரை பாட மாட்டேன். கிட்டாரையும் தொட மாட்டேன். பாதர் கேட்டார், தொண்டை கட்டியிருக்கிறது என்றேன். அதிக நாள் கட்டியிருக்க விடாதே.

உன் கஸ்பர்

*

கொட்டாஞ்சேனை
02.03.1976

கஸ்பர்,

இரண்டு வருசம் என் வீட்டுக்குள் உட்கார்ந்து, என் அம்மா கையால் தேத்தண்ணி வாங்கிக் குடித்துக்கொண்டு, என்னை ஏமாற்றியிருக்கிறாய். லயத்துப் புத்தி என்று அப்பா சொல்லும்போதெல்லாம் அவரோடு சண்டை பிடித்தவன் நான். இனிப் பிடிக்க மாட்டேன்.

நேர்ச்சை வைத்தது நீ. அதை நீயும் அந்தோனியாருமாகப் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்.

இனி எழுத வேண்டாம்.

றோலண்ட்

*

கொட்டாஞ்சேனை
08.08.1982

அன்புள்ள கஸ்பர்,

என் கையெழுத்தைப் பார்த்ததும் கடிதத்தைக் கிழித்துப் போடாமல் இதுவரை வந்திருக்கிறாய் என்றால், நன்றி. ஆறு வருசம். எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் நாலு தாளை வீணாக்கிவிட்டேன்.

அதே பறங்கியர் அடுத்த வருசமே என்னைச் சேர்த்துக்கொண்டார். சரியான வேகத்தில் எல்லாவற்றையும் முதலிலிருந்து படித்தேன். பகலில் ஆபீஸ், வார இறுதியில் ஹோட்டல். வெள்ளைக்காரச் சுற்றுலாக்காரர்களுக்கு சீமைப் பையன்களின் பாட்டுகளைச் சத்தமாக, வேகமாக வாசிக்கிறோம். கை தட்டுவார்கள், பிறகு சாப்பிடப் போய்விடுவார்கள்.

போன வருசம் ஒரு மத்தியானம் தலைவருக்குக் காய்ச்சல். கூட்டமும் இல்லை. சும்மா கம்பிகளை ஒரு கட்டை இறக்கினேன். நம் நடையில் போட்டேன். இங்கிலீஷ் சொற்கள் வாயில் வரவில்லை, அந்த மெட்டுக்கு நீ கட்டின தமிழ்ச் சொற்கள்தான் வந்தன. கோப்பை துடைக்கிற ஆள்வரை வெளியே வந்து நின்றார்கள். பாட்டு முடிந்தும் யாரும் கை தட்டவில்லை, அசையவுமில்லை. இத்தனை வருசத்தில் எனக்கு அப்படி ஒன்று நடந்ததே இல்லை.

அங்கே இருந்த ஒருவர் கசெட் போடுகிறவர். என்னைக் கூட்டிக்கொண்டு போய்ப் பதிந்தார். இப்போது கடைகளில் விற்கிறது, வானொலியிலும் இரண்டு முறை போட்டார்கள். உறையில் என் பெயர் மட்டும்தான் இருக்கிறது. சொல்லத்தான் நினைத்தேன், அதற்குள் அச்சுக்குப் போய்விட்டது. நீ கேள்விப்படுவதற்கு முன்னால் நானே சொல்லிவிட வேண்டும் என்று எழுதுகிறேன்.

உன் அம்மா மரியநாயகியம்மா சுகமா? நீ இன்னும் கோயிலில் பாடுகிறாயா?

றோலண்ட்

*

ஆத்துமேட்டுத் தோட்டம்
29.08.1982

றோலண்ட்,

உன் கடிதத்துக்கு முந்தியே உன் கசெட் வந்துவிட்டது.

சம்பள நாளுக்கு மறுநாள் அம்மாவோடு பசாருக்குப் போயிருந்தேன். சுந்தரலிங்கம் முதலாளி கடையில் மண்ணெண்ணெய்க்கு நின்றோம். கடைக்குள் பாட்டு ஓடியது.

கோச்சியில எடமிருக்கு, கொடியசைக்க ஆளிருக்கு,
கோச்சியில எடமிருக்கு, கொடியசைக்க ஆளிருக்கு,
கூடப் பொறந்த எனக்கு மட்டும் போன்னு சொல்ல வாயில்ல.

அம்மா என் கையைப் பிடித்தாள். "இது ஒன் அக்கா டோரீனு இந்தியாவுக்குப் போனப்ப நீ கட்டுன பாட்டுல்ல?" என்றாள். "இல்லம்மா, இது கொழும்புக்காரங்க பாட்டு" என்றேன். முதலாளி சிரித்துக்கொண்டே, "பையன் நல்லாத்தான் பாடுறான், ஆனா எழவு வீட்டுல நிக்கிற மாதிரி இருக்கு. யாவாரம் என்னமோ நல்லாப் போகுது" என்றார். மண்ணெண்ணெய் வாங்க மறந்து திரும்பி வந்தோம்.

என் பெயர் இல்லாதது வலிக்கிறது. வலிக்கவில்லை என்று பெருந்தன்மை காட்ட எனக்கு வராது. ஆனால் அதைவிட உன் கடைசி வரிதான் சுட்டது. நீ இன்னும் கோயிலில் பாடுகிறாயா என்று கேட்டிருக்கிறாய்.

நீ மறந்தே போய்விட்டாய், இல்லையா? நான் நேர்ச்சை வைத்தவன். ஆறு வருசமாக ஒரு வரி பாடவில்லை. அக்காள் மகனுக்குப் பெயர் வைத்த செய்தி வந்தபோது பாடவில்லை, நத்தாருக்குப் பாலன் பிறந்த பூசையிலும் பாடவில்லை. கிட்டாரைப் பங்குக் கோயிலுக்குக் கொடுத்துவிட்டேன். புதிதாக வந்த பாதருக்கு நான் பாடுவேன் என்பதே தெரியாது. நீ எழுத வேண்டியது ஒரே ஒரு சொல். அதைக்கூட நீ எழுதவில்லை, என் பாட்டை மட்டும் பாடியிருக்கிறாய்.

போகட்டும். எழுபத்தேழு கலவரத்துக்குப் பிறகு அம்மா இங்கே இருக்க மாட்டேன் என்று ஒரே பிடி. இந்தியாவுக்குப் பாஸ்போட் வந்துவிட்டது. அக்டோபர் பதினாலாம் தேதி ஹட்டனில் கோச்சி ஏறுகிறோம். தலைமன்னார் போய், அங்கிருந்து கப்பல். போனால் திரும்பி வருகிற வேலை இல்லை.

ஸ்டேசனுக்கு வா. அன்றைக்கு நான் எழுதின 'ஆமா'வில் பாதியை எழுதவில்லை. மிச்சத்தை உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். அதைக் கேட்ட பிறகும் உனக்கு மனம் வந்தால், 'பாடு' என்று சொல். அது போதும், நான் நிம்மதியாகப் போய்விடுவேன்.

கஸ்பர்

*

கோத்தகிரி, நீலகிரி
12.12.1982

அன்புள்ள றோலண்ட்,

நீ வரவில்லை.

நம் ஆட்கள் அந்தக் கோச்சிக்கு அழுகைக் கோச்சி என்று பெயர் வைத்தது சரியாகத்தான் இருக்கிறது. மேடை முழுக்க ஒப்பாரி. என்னோடு டர்பைனில் வேலை செய்த பொன்னையா அண்ணன் வந்திருந்தார், உன் அப்பாகூட வந்து அம்மாவுக்கு ஒரு போர்வை கொடுத்தார். "றோலண்டு வர்றேன்னு சொன்னானா?" என்று அவரே கேட்டார். கொழும்பிலிருந்து கோச்சி வந்து நின்றபோது ஒவ்வொரு பெட்டியாகப் பார்த்தேன். எங்கள் கோச்சி கிளம்பி ரொசல்ல ஸ்டேசன் தாண்டும்வரை ஜன்னலை விட்டு நகரவில்லை. அம்மாதான் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

மண்டபம் முகாமில் மூன்று வாரம். இப்போது இங்கே, அரசாங்கத் தோட்டத்தில். மறுபடியும் தேயிலைதான். டர்பைன் இல்லை. அம்மா கொழுந்து எடுக்கிறாள், நான் உரம் சுமக்கிறேன். டோரீன் அக்கா கூடலூரில் இருக்கிறாள், ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போனாள்.

நேரில் சொல்ல வைத்திருந்ததை இனி எழுதத்தான் வேண்டும்.

உன் விரலுக்காக மதகைக் குறைத்தேன் என்று எழுதினேன். முதல் ஒன்றிரண்டு மாசத்துக்கு அது உண்மை. அதற்குள் உன் விரல் எந்த வேகத்தையும் பிடித்துவிடும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நீயும் ஒருநாள் சொன்னாய், "இந்தப் பாட்டு சுத்தமா கைக்கு வந்துருச்சுன்னா நான் கொழும்புக்குப் போயிருவேன் கஸ்பர்" என்று. அதற்குப் பிறகுதான் மதகைக் கூட்டவே கூடாது என்று முடிவு செய்தேன்.

உன் கை பழுக்கக் கூடாது என்று நினைத்தேன், றோலண்ட். நீ போய்விட்டால் எனக்குச் சனிக்கிழமை என்று ஒன்று இல்லை. லயத்தில் பிறந்தவன் கிளாக்கர் வீட்டு முன்னறையில் நாற்காலியில் உட்காருவது அந்தப் பாட்டை முன்னிட்டுத்தான். பாட்டு முடிந்தால் நான் பின்வாசலோடு நிற்க வேண்டியவன். அக்காவும் போன பிறகு உன்னையும் விட எனக்குத் தெம்பு இல்லை. நீ முன்னேறக் கூடாது என்று உன் கூட்டாளியே தண்ணீரைக் குறைத்து வைத்தான். பேட்டரி இறங்கிவிட்டதா என்று அவர்கள் கேட்டார்களே, அது நான் வேண்டுமென்றே இறக்கின பேட்டரி.

இதை மறைத்துக்கொண்டு உன்னிடம் மன்னிப்பு வாங்கினால் அது களவு. அதனால்தான் ஆறு வருசமாக இன்னொரு கடிதம் எழுதி உன்னைக் கெஞ்சவில்லை. இப்போது முழுவதும் எழுதிவிட்டேன். உன் விருப்பம்.

கஸ்பர்

*

கொட்டாஞ்சேனை
09.01.1983

அன்புள்ள கஸ்பர்,

அக்டோபர் பதினாலாம் தேதி ஹோட்டலில் ஒரு கல்யாண விருந்து. வர முடியவில்லை என்று எழுதினால் பொய். என் இடத்தில் வாசிக்க வேறு ஆள் இருந்தான். நான் வரவில்லை, அவ்வளவுதான். உன் முகத்தைப் பார்த்தால் ஒன்றைச் சொல்ல வேண்டி வரும் என்று பயந்தேன்.

எனக்குத் தெரியும், கஸ்பர். முதலிலிருந்தே தெரியும்.

எழுபத்தைந்து மார்ச்சில் டோரீன் அக்காவை வழியனுப்ப நீ ஹட்டனுக்குப் போன சனிக்கிழமை, டர்பைனைப் பொன்னையா அண்ணன் பார்த்துக்கொண்டார். நான் தனியாக உட்கார்ந்து தட்டைப் போட்டேன். கிழவர் ஓடினார். ஊசியை எடுத்து மறுபடி வைத்தேன், மறுபடியும் ஓடினார். டர்பைனுக்கு இறங்கிப் போய்ப் பொன்னையா அண்ணனிடம் கேட்டேன். "அவன் சனிக்கிழமன்னா கொறைச்சுத்தான் தம்பி வப்பான். ஏன்டான்னு கேட்டா சிரிக்கிறான்" என்றார்.

எனக்குக் கோபம் வரவில்லை. சத்தியமாக வரவில்லை. வீட்டுக்குப் போய்க் கொஞ்ச நேரம் அந்த ஓட்டத்தைக் கேட்டேன், எனக்குப் பிடிக்கவில்லை. திரும்ப இறங்கி வந்து, "நீங்களும் அவன் மாதிரியே கொறைச்சு வைங்கண்ணே" என்று சொன்னேன். அவர் வைத்தார். நீ திரும்பி வந்த பிறகு நான் ஒன்றும் கேட்கவில்லை, நீ எதற்காகச் செய்கிறாய் என்பதும் எனக்கு அரைகுறையாகப் புரிந்துதான் இருந்தது. நானும் அந்த முன்னறையை விட்டுப் போக அவசரப்படவில்லை.

பரீட்சைக்குப் போகும்போதே இரண்டு வேகமும் எனக்குத் தெரியும். நம் நடைதான் அழகு, அவர்கள் கேட்டு மயங்கிவிடுவார்கள் என்று நம்பித்தான் அப்படி வாசித்தேன். அவர்கள் சிரித்தார்கள். இது எங்கள் பாட்டு, நாங்கள் இப்படித்தான் பாடுவோம் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. "தோட்டத்துக் கரண்டு சரியில்லை, அதைப் பார்க்கிறவன் என்னை ஏமாற்றிவிட்டான்" என்று சொன்னேன். அவர்கள் அனுதாபப்பட்டார்கள். சொன்னது நிஜம் என்று என்னையே நம்ப வைக்க உனக்கு அந்தக் கடிதத்தை எழுதினேன். ஆபீசில் மின்சாரம் படித்தவர் யாரும் இல்லை. பொன்னையா அண்ணன் சொன்னதைத்தான் அப்படி இல்லாத ஓர் ஆள் தலையில் வைத்து எழுதினேன்.

நீ 'ஆமா' என்று எழுதி, நேர்ச்சையும் வைத்து அனுப்பினாய். அதைப் படித்த அன்றைக்கு நான் வாயைத் திறந்திருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். அதற்குப் பதிலாக லயத்துப் புத்தி என்று எழுதினேன். அந்தச் சொல்லை என் அப்பா உன்னைப் பற்றி ஒருநாளும் சொன்னதில்லை. அது என்னிடமிருந்து வந்தது. நேர்ச்சையையும் நான் மறக்கவில்லை. நீ பாடியிருப்பாய் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு காலத்தை ஓட்டினேன், அதனால்தான் அப்படிக் கேட்டேன்.

நீ மன்னிப்புக் கேட்ட காரியத்தை நான் அந்த மார்ச் மாசத்துச் சனிக்கிழமையே மன்னித்துவிட்டேன். மன்னித்ததை உன்னிடம் சொல்லாமல் ஏழு வருசம் உன்னை ஊமையாக வைத்தது நான்தான்.

பாடு. கஸ்பர், பாடு. என் கையால் எழுதுகிறேன், பாடு.

கசெட்டின் அடுத்த அச்சில் உன் பெயர் மேலே இருக்கும். அது இதற்கு ஈடாகாது என்று தெரியும்.

றோலண்ட்

*

கோத்தகிரி
20.02.1983

றோலண்ட்,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. உடனே எழுதியிருந்தால் அசிங்கமாக எழுதியிருப்பேன். அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "அந்தப் புள்ளைய வையாத. ஆனா நீ இனி ஒரு நாளும் ஊமையா இருக்காத" என்றாள்.

இங்கே இருக்கிற கோயிலில் போய் நேர்ச்சை முடிந்தது என்று சொல்லிவிட்டு வந்தேன். வழியில் ஆள் நடமாட்டமில்லாத இடத்தில் நின்று பாடிப் பார்த்தேன். முதல் வரி வந்தது, என் குரல் மாதிரியே இல்லை. திரும்பச் சொல்ல வேண்டிய வரியைத் திரும்பச் சொன்னேன். அதற்குமேல் இருமல்தான் வந்தது. இப்போது தினமும் வேலை முடிந்து வருகிற வழியில் பாடிப் பார்க்கிறேன். கூட வருகிற அழகம்மா அக்கா, "என்னா தம்பி, சளியா?" என்று கேட்கிறாள். பழைய குரல் வருமா வராதா என்று எனக்குத் தெரியாது. எனக்கு முப்பது வயதாகிவிட்டது.

நான் உன்னைப் பிடித்து வைக்கப் பார்த்தது உண்மை. அதற்கு நான் பட்டது போதும் என்று நினைக்கிறேன். ஆனால் நீ எல்லாம் தெரிந்துகொண்டே என்னை முழங்காலில் நிற்க வைத்தாயே, அதை நினைக்கும்போது உரமூட்டையைத் தூக்கி எங்காவது வீசலாம் போல ஆத்திரம் வருகிறது. லயத்துப் புத்தி என்றது அப்பா இல்லை என்று எழுதியிருக்கிறாய். அதை எழுதாமலே இருந்திருக்கலாம். ஆறு வருசமாக அந்த நல்ல மனிதரைப் பார்க்கும்போதெல்லாம் நான் தலையைக் குனிந்துகொண்டு போயிருக்கிறேன்.

என்னை மன்னித்துவிட்டு அதைச் சொல்லாமல் வைத்திருந்தாய். உன்னை மன்னிக்கிற நாள் எனக்கு வந்தால் நானும் சொல்ல மாட்டேன். நீ எழுதிக்கொண்டே இரு.

கஸ்பர்